இமயம் சேராத கடிதங்கள்

கவி இரவீந்திரநாத தாகூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1913ஆம் ஆண்டிலே நின்றுகொண்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் பார்ப்பது வழக்கம். நோபெல் பரிசு கிடைத்த அவ்வாண்டின் ஒளியிலே அவருடைய பிள்ளைப் பருவமும் ஒரு மகாகவியின் பிள்ளைப் பருவமாகவே தோன்றிவிடுகின்றது. நான் இங்கே சொல்ல விரும்புவது அவ்வொளி அதிகம் படியாத ஒரு சிறு பகுதியை. ஊரிலே தங்காத ஒரு தந்தையாருக்கு வீட்டுச் செய்தி எழுதி அனுப்ப முயன்ற ஒரு பையனின் கதை அது. அப்பையன் வளர்ந்து, தானும் வீட்டிலே தங்காத ஒரு தந்தையானான் என்பதும் அக்கதையிற் சேரும்.

தாகூர் குடும்பத்திலே தந்தையார் தொலைவிலிருப்பது இரவீந்திரர் காலத்திலே தொடங்கிய வழக்கமன்று. பாட்டனார் துவாரகநாதர் கல்கத்தாவிலே பெருவணிகர். நிலமும் வங்கியும் நிலக்கரிச் சுரங்கமும் உடையவர். 1842இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியாரின் அரண்மனையிலே விருந்துண்டவர். இரண்டாம் முறை சென்றவர் மீளவில்லை. 1846 ஆகஸ்ட் 1ஆம் தேதி இலண்டனிலே காலமானார். அக்காலத்தில் இந்தியாவுக்குத் தந்தி இல்லை. மரணச் செய்தி கப்பற்றபாலிலே வந்துசேர வாரங்கள் பல கழிந்தன. அவருடைய மூத்த புதல்வர் தேவேந்திரநாதர் அந்த மழைக்காலத்திலே கங்கையிற் படகுப் பயணம் புறப்பட்டிருந்தார். தம்மை விட்டுப் போகலாகாதென்று மனைவியார் சாரதாதேவி அழுது நின்றமையால், அவரையும் சிறு பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்றார். காற்றும் மழையும் படகை அலைக்கழித்துக்கொண்டிருந்த வேளையிலே கல்கத்தாவிலிருந்து ஆள் வந்து, தந்தையார் இறந்துவிட்ட செய்தியைச் சொன்னான். இறந்தவர் பிரிந்து பல நாட்களான பின்னரே மகன் தந்தையை இழந்தவனானான்.

துவாரகநாதர் விட்டுச் சென்ற செல்வத்தை விடக் கடன் பெரிதாயிருந்தது. 1848இன் தொடக்கத்திலே அவருடைய வணிக நிலையம் முறிந்தது. தேவேந்திரநாதர் கடன்காரருக்கு ஒளிக்காமல் எல்லாவற்றையும் முன்வைத்து, காலப்போக்கிலே கடனைத் தீர்த்தார். பிரம சமாசத்தின் தலைவராகவும் மகரிஷி என்று மக்கள் போற்றும் பெரியாராகவும் அவர் விளங்கியது ஒருபுறமிருக்க, வீட்டிலே கால் தரிக்காதவராகவும் அவர் இருந்தார். 1856இல் தனியே புறப்பட்டு இமயமலைச் சாரலை அடைந்தவர், 1857ஆம் ஆண்டுக் கலகத்தின்போது சிம்லாவிலே இருந்தார். 1858இன் பிற்பகுதியிலேதான் வீடு திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் கப்பலேறி நம் இலங்கைக்கு வந்தார். மகன் சத்தியேந்திரநாதரும் இளைஞரான கேசவ சந்திர சேனரும் அப்பயணத்திலே உடன்வந்தனர். கேசவர் தம் வீட்டாருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமலே கப்பலேறிவிட்டார் என்பர். செய்தி சொல்லாமற் போகும் மக்களும் அன்றும் இருந்தனர்!

1861 மே 7ஆம் தேதி ஜோராசாங்கோ மாளிகையிலே இரவீந்திரர் பிறந்தார். தாய் தந்தையருக்குப் பதினான்காவது குழந்தை. அவர் கண் திறந்து உலகைப் பார்க்கத் தொடங்கிய காலத்திலே தந்தையார் இடையறாத பயணத்திலிருந்தார். ஆகவே சிறுவனுக்குத் தந்தையென்றால் ஒரு வரவும், வரவைச் சூழ்ந்த ஒரு பரபரப்புமே. மகரிஷி மலையிலிருந்து இறங்கி வந்தாரெனின் மாளிகை முழுவதும் மூச்சடக்கிக்கொள்ளும். பெரியவர்கள் உடையைச் சரிசெய்துகொண்டும், வாயிலிருந்த வெற்றிலையை உமிழ்ந்துவிட்டுமே அவர்முன் போவர். அன்னையார் தாமே அடுக்களையிலே நின்று சமையலை மேற்பார்ப்பார். வெள்ளுடையும் தலைப்பாகையும் தரித்த முதிய சேவகன் ஒருவன் வாயிலிலே நின்று, பிள்ளைகள் ஓசை செய்யாதபடி காவல் செய்வான். பிள்ளைகள் எட்டிப் பார்க்கவும் துணியார். சில நாளில் அவர் மறுபடியும் போய்விடுவார். வீடு பழையபடி மூச்சுவிடும்.

இப்படிப்பட்ட ஒரு தந்தையாருக்கு அப்பையன் கடிதம் எழுத நேர்ந்த சந்தர்ப்பம் விநோதமானது. அதற்குக் காரணர் ருஷியர்! அக்காலத்திலே ருஷியப் பேரரசு மத்திய ஆசியாவிலே படிப்படியாக முன்னேறிக்கொண்டிருந்தது. 1865இல் தாஷ்கெந்தும், 1868இல் சமர்க்கந்தும் அதன் வசமாயின. அடுத்தது இந்தியாதான் என்ற அச்சம் ஆங்கில அதிகாரிகளின் மேசைகளிலிருந்து பத்திரிகைகளுக்கும், பத்திரிகைகளிலிருந்து வீட்டு முற்றங்களுக்கும் பரவியது. அயலிலிருந்த ஓர் அம்மையார் சாரதாதேவியிடம் வந்து, ருஷியப்படை மலைக்கணவாய்களைக் கடந்து வரப்போவதை நேரிலே கண்டவர் போல விவரித்துவிட்டுப் போனார். கணவரோ அந்த மலைகளிலே தனியே இருக்கின்றார். மனைவியின் மனம் எவ்வாறு ஆறும்?

வீட்டிலே வளர்ந்த ஆண்மக்கள் பலர் இருந்தனர். கற்றவர்கள், உலக நடப்பு அறிந்தவர்கள். அன்னையாரின் அச்சத்தை அவர்களுள் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஈற்றில் அவர் கடைக்குட்டியை அழைத்து, ருஷியரைப் பற்றித் தந்தையாருக்கு நீயாவது ஒரு கடிதம் எழுதமாட்டாயா என்று கேட்டார். கடிதத்தை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று பையனுக்குத் தெரியாது. சமீன் கந்தோரிலே எழுத்தராயிருந்த மகாநந்த முன்ஷியிடம் ஓடினான். முன்ஷி விளிப்பு முதலியவற்றை முறைப்படி அமைத்துக் கொடுத்தார். கடிதம் மரியாதையிலே குறைவற்றதாயும், கந்தோர்க் காகிதத்தின் பழைய வாடை வீசுவதாயும் அமைந்தது என்று பிற்காலத்திலே கவி தம்மைத் தாமே நகையாடி எழுதியுள்ளார். ஒரு தாயின் கலக்கம், குத்தகைக் கணக்கு எழுதும் நடையிலே இமயமலைக்குப் போயிற்று.

மறுமொழியும் வந்தது. அஞ்சவேண்டாம், ருஷியர் வந்தால் அவர்களைத் தாமே துரத்திவிடுவதாகத் தந்தையார் எழுதியிருந்தார். மகரிஷியைப் பற்றி எழுதுவோர் சிலர் அவரைப் பனிமலை போன்ற ஒருவராகவே தீட்டுவர். அவர்கள் இந்த மறுமொழியை மறந்துவிடுகின்றனர் என்பது என் எண்ணம். மனைவியின் பேதைமையை அவர் கண்டிக்கவில்லை. அரசியல் விளக்கமும் செய்யவில்லை. எழுதியவன் ஒரு சிறுவன் என்பதை உணர்ந்து, சிறுவனுக்கு ஏற்ற ஒரு வீரவார்த்தையை அனுப்பினார். இவ்வுறுதிமொழியால் அன்னையாரின் பயம் நீங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் மகனுடைய வேறொரு பயம் நீங்கியது. வாயிலோன் காவல் நிற்க, எட்டிப் பார்க்கவும் துணியாதிருந்த தந்தையாரிடம், கடிதத்தின் மூலம் அவன் துணிவோடு நெருங்கினான்.

அன்று முதல் நாள்தோறும் தந்தையாருக்கு எழுதவேண்டுமென்ற ஆசை அவனைப் பற்றிக்கொண்டது. மகாநந்தரைத் தொந்தரவு செய்தான். முன்ஷி தாங்கமாட்டாமல் வாசகம் எழுதிக் கொடுப்பார். இவன் அழகாகப் பார்த்தெழுதி அவரிடமே ஒப்படைப்பான். கடிதத்துக்கு முத்திரை ஒட்டவேண்டும், முத்திரைக்கு அணாக்கணக்கிலே காசு வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. மகாநந்தர் கையிலே கொடுத்தால் அது தானாகவே மலையுச்சிக்குப் போய்விடும் என்று நம்பியிருந்தான். அக்கடிதங்கள் ஒன்றும் இமயத்தை எட்டவில்லை. மகாநந்தர்மேல் எனக்குக் கோபமில்லை. சமீன் வேலையின் நடுவே ஒரு பையனுக்கு மனங்கோணாமல் தினமும் வாசகம் எழுதிக் கொடுத்தவர் அவர். தபாலிலே சேராத அக்கடிதங்களில் என்ன இருந்திருக்கும்? மாமரத்திலே பூத்தது, தமையனார் நாடகம் எழுதியது, பள்ளிக்கூடத்திலே அடி வாங்கியது என நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

உரும்பிராயிலிருந்து இதனை எழுதும் எனக்கு இக்கதை வங்காளத்துக் கதையாக மாத்திரம் தோன்றுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊர்களிலிருந்து எத்தனையோ தந்தைமார் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் நில அளவையிலும் எழுதுவினைஞராக உழைத்தனர். மனைவி மக்களுட் பலர் இங்கேயே இருந்தனர். காசுக்கட்டளை மாதத்துக்கு ஒருமுறை வந்தது. தந்தையார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தார். தோட்டத்திலே மிளகாய் பழுத்ததும், பசு கன்று ஈன்றதும், ஆச்சிக்குச் சுகமில்லாததும் விளக்கடியிலே தாய் சொல்லப் பிள்ளை எழுதிய கடிதங்களாகவே பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போயின. அவற்றின் தொடக்கமும் முடிவும் ஊரெங்கும் ஒரே வாய்பாடுதான். நமக்கும் ஒவ்வொரு மகாநந்தர் இருந்தார். 1934 ஜூன் மாதத்திலே இரவீந்திரர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபத்துமூன்று. அவரைக் காணச் சென்றோர் வெண்டாடி விளங்கும் ஒரு முனிவரைக் கண்டு வணங்கினர். முத்திரைக் காசு தெரியாத அப்பையனை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இப்பகுதியை ஒரு வகுப்பிலே நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, தந்தை வெளிநாட்டிலுள்ள ஒரு மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அந்த அம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லையா, அவர் தாமே எழுதினால் என்ன என்பது அவளுடைய கேள்வி. சாரதாதேவி எழுத்தறியாதவரல்லர். சாணக்கிய சுலோகங்களை அவர் விரும்பி வாசிப்பார் என்று மகள் சுவர்ணகுமாரி நினைவுகூர்ந்துள்ளார். ஆயினும் ஓர் எழுத்தரின் வாசகத்திலே, ஒரு குழந்தையின் கையெழுத்திலேதான் அவருடைய கலக்கம் கணவரை அடைந்தது. அம்மாணவியின் கேள்விக்கு விடையாக, பெரியவர்கள் சிரித்த இடத்திலே சிரிக்காதவன் அப்பையன் ஒருவனே என்பதை மாத்திரம் நான் சொன்னேன். அது முழு விடையாகாது என்பதை அவள் முகமே காட்டியது.

கடிதம் செய்யத் தொடங்கியதைப் பயணம் நிறைவாக்கியது. 1873 பெப்ரவரியிலே இரவீந்திரருக்கு உபநயனம் நடந்தது. மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போனால் ஏனைய பையன்கள் கேலி செய்வார்களே என்று அவன் கலங்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் மாடிக்கு வரும்படி தந்தையாரிடமிருந்து அழைப்பு வந்தது. இமயத்துக்குத் தம்மோடு வர விருப்பமா என்று கேட்டார். விருப்பமா என்று ஒரு கேள்வியா! வாழ்விலே முதன்முறையாக அவனுக்கென முழுமையாக உடைகள் தைக்கப்பட்டன. பொன்னிழை வேய்ந்த ஒரு வெல்வெட்டுத் தொப்பியும் வந்தது. மொட்டைத் தலையிலே அதனை வைக்க வெட்கப்பட்டுக் கையிலே வைத்திருந்தான். தந்தையார் பார்த்தபோதெல்லாம் அது தலைக்கு ஏறியது.

முதலிலே போல்பூர். மகரிஷி 1863இல் பெற்ற வெட்டவெளியான நிலம் அது, பிற்காலத்துச் சாந்திநிகேதனம். அங்கே பையன் தன்னிச்சையாகத் திரியலாம். மழைநீர் அரித்த பள்ளங்களிலே கூழாங்கற்கள் பொறுக்கி மடியிலே கட்டி வருவான். தந்தையார் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து வியப்பார். சில்லறைக் காசு கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னார். விலையுயர்ந்த பொற்கடிகாரத்தைக் கொடுத்து நாள்தோறும் சாவி முறுக்கச் சொன்னார். பையன் ஊக்கமிகுதியால் முறுக்கிய முறுக்கிலே கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குப் போயிற்று. கணக்கும் ஒருநாளும் சரிவரவில்லை. ஒருமுறை இருக்கவேண்டிய தொகையிலும் கையிருப்பு கூடியிருந்தது. உன்னையே என் பணப்பெட்டிக்கு அதிகாரியாக்க வேண்டும், உன் கையிலே பணம் வளர்கின்றதே என்று தந்தையார் நகைத்தார்.

அப்பயணத்தின் நடுவே ஒரு பெரிய நிலையத்திலே நடந்த சம்பவமொன்று உண்டு. பதினொரு வயதுப் பையனுக்கு அரைச்சீட்டு வாங்கியிருந்தார்கள். வயதுக்கு மிஞ்சிய வளர்த்தி, பரிசோதகருக்கு ஐயம். கடைசியிலே நிலைய அதிபரே வந்து, பன்னிரண்டுக்கு மேலிருக்குமே என்றார். தேவேந்திரநாதரின் கண்கள் சிவந்தன. முழுக் கட்டணத்துக்கும் ஒரு நோட்டை நீட்டினார். மீதிக் காசு வந்தபோது அதனை வாங்கித் தளத்திலே வீசியெறிந்தார். கடன்காரர் முன்னே தன் சொத்து முழுவதையும் வைத்தவர், ஓர் அரைச்சீட்டுக்காகப் பொய் சொல்வாரென்று ஒருவன் நினைத்துவிட்டானே என்பதுதான் அவர் சினத்தின் பொருள். கணக்கிலே தவறிய மகனைப் பார்த்துச் சிரித்தவரும் இவரே என்பதை நாம் சேர்த்தே நினைக்கவேண்டும்.

அமிருதசரசிலே ஒரு மாதம் தங்கிவிட்டு, தல்ஹவுசி மலையின் பக்ரோட்டாச் சிகரத்தை அடைந்தனர். விடியுமுன்னே சமஸ்கிருத இலக்கணம். பின் குளிர்ந்த நீரிலே குளியல். மாலையிலே வான்மீன்களைக் காட்டி வானநூற் பாடம். இவற்றை வரலாறுகள் விரிவாகச் சொல்கின்றன. நான் பெரிதாக மதிப்பது அங்கே நடந்த கடிதப் பாடத்தை. வீட்டிலிருந்து தனக்கு வரும் கடிதங்களைப் பையன் தந்தையாரிடம் காட்டுவான். தந்தைக்கு நேரே எழுதப்படாத வீட்டுச் செய்திகள், மகன் வழியாக அவர் காதுக்கு எட்டின. மூத்த மக்கள் தமக்கு எழுதிய கடிதங்களைத் தந்தையார் இவனிடம் வாசிக்கக் கொடுத்தார். பெரியோருக்கு எவ்வாறு எழுதவேண்டும் என்பதை அவன் அவ்வழியே கற்கவேண்டுமென்பது அவர் கருத்து. வெளி மரியாதை அவருக்குச் சிறிய காரியமன்று.

ஒருநாள் இரண்டாம் தமையனார் சத்தியேந்திரநாதரின் கடிதம் வந்தது. இந்திய சிவில் சேவையிலே முதன்முதலாகத் தேறிய இந்தியர் அவர். பம்பாய் மாகாணத்திலே உத்தியோகம். வேலைப்பளுவினால் கழுத்திலே கயிறிட்டுக் கட்டுண்டவன் போலானேன் என்ற பொருள்பட, வடமொழி மிகுந்த நடையிலே ஒரு தொடர் எழுதியிருந்தார். அதன் பொருள் என்னவென்று தந்தையார் இளையவனைக் கேட்டார். அவன் ஒருவிதமாகச் சொன்னான். அவருக்கு வேறொரு பொருள் பொருத்தமாகப் பட்டது. பையன் விடவில்லை, வாதிட்டான். வேறொருவராயின் ஓர் அதட்டிலே வாயடைத்திருப்பார். மகரிஷியோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, தம் கருத்துக்குக் காரணங்களையும் எடுத்துச் சொன்னார். ஒரு தொடருக்குப் பல பொருள் உண்டென்பதும், அதுபற்றித் தந்தையோடும் வாதிடலாமென்பதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அன்று கிடைத்த கல்வி. வகுப்பறைக் கல்வியை வெறுத்த இரவீந்திரர் தாம் படித்த பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதும்போது இப்படியொரு பாடத்தை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை.

சில மாதங்களுக்குப் பின் அவனைப் பணியாள் கிசோரியோடு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டுத் தந்தையார் மலையிலேயே தங்கினார். போகும்போது வேலைக்காரர் காவலிலே கிடந்த பையன், வரும்போது அந்தப்புரத்தின் நாயகன். மாலையிலே மேன்மாடத்தில் கூடும் பெண்கள் சபையிலே அன்னையாரின் அருகே அவனுக்கு இடம். தந்தையார் எப்படி எழுந்தார், என்ன உண்டார், என்ன சொன்னார் என்பதெல்லாம் அவன் வாயிலாகவே அங்கே பேசப்பட்டன. முன்பு தாயின் செய்தியைத் தந்தைக்குக் கொண்டுபோன பிள்ளை, இப்போது தந்தையின் செய்தியைத் தாய்க்குக் கொண்டுவந்தது. தந்தையாரிடம் கற்ற வால்மீகி இராமாயணச் சுலோகங்களைப் படித்துக் காட்டினான். அன்னையார் பெருமை தாங்காமல் மூத்த மகன் துவிஜேந்திரரை அழைப்பித்தார். அவர் தம் எழுத்து வேலையின் நடுவே வந்து, சிறிது கேட்டு, நன்று என்று சொல்லிவிட்டுப் போனார். சாரதாதேவிக்கு அது போதுமாயிருந்தது.

1875 மார்ச்சிலே அவர் காலமானார். அன்று தேவேந்திரநாதர் வீட்டிலிருந்தார். ஈமக்கிரியை முடித்துத் தெருமுனையிலே திரும்பும்போது மகன் நிமிர்ந்து பார்த்தான். மூன்றாம் மாடி விறாந்தையிலே தந்தையார் அசையாமல் தியானத்திலே அமர்ந்திருந்தார். சாரதாதேவியின் வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகச் சிறிது. அவரை நாம் பெரும்பாலும் அறிவது மகனின் எழுத்தினால்தான். ருஷியர் கடிதமும் அவ்வாறே.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 1878இல் இரவீந்திரர் இங்கிலாந்து சென்றார். இம்முறை பயணி மகன். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் குடும்பத்தாரின் பாரதி என்னும் சஞ்சிகையிலே வெளிவந்தன. பேச்சு வங்காளத்திலே அமைந்த அவை 1881இல் நூலாயின. மகாநந்தரின் வாடை முற்றாக நீங்கிய நடை! 1880இல் தந்தையாரின் கட்டளைப்படி பட்டமின்றித் திரும்பினார். பின்னொரு நாள் மகன் இயற்றிய பக்திப் பாடல்களை அவர் வாயாலேயே பாடக் கேட்ட மகரிஷி, நாட்டை ஆளும் அரசருக்கு இம்மொழி தெரிந்திருந்தால் கவிஞனுக்குப் பரிசளித்திருப்பார், அது இல்லாதபடியால் நானே செய்யவேண்டியிருக்கிறது என்று சொல்லி, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு காசோலை கொடுத்தார்.

தந்தையாருக்குக் கண்பார்வை மங்கிய காலத்திலே, மாதந்தோறும் இரண்டாம் மூன்றாம் தேதிகளிலே சமீன் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டுவது இரவீந்திரரின் பொறுப்பு. எண்களைக் கேட்டே எங்கே இடைவெளி உண்டென்று கிழவர் கண்டுபிடித்துவிடுவாராம். போல்பூரிலே சரிவராத கணக்கு இங்கே சரிவந்தே தீரவேண்டியிருந்தது. 1905 ஜனவரி 19ஆம் தேதி மகரிஷி மறைந்தார்.

1890 தொடக்கம் சமீன் மேற்பார்வைக்காகப் பதுமா நதியிலே படகில் வாழ்ந்த இரவீந்திரர், இப்போது தாமே தொலைவிலுள்ள தந்தை. 1883இல் மணந்த மிருணாளினிதேவியும் ஐந்து பிள்ளைகளும் பெரும்பாலும் வேறிடத்திலே இருந்தனர். அவர் தங்கிய சாசாத்பூர் மாளிகையின் கீழ்த்தளத்திலேயே தபாற்கந்தோர் இருந்தது. அங்கிருந்த தபால் அதிபரே 1891இல் எழுதிய சிறுகதையொன்றுக்குக் கருவானார். மனைவியிடமிருந்து கடிதம் வரத் தாமதித்தால் அவர் முறையிடுவார். அடுத்த ஆண்டிலே அவர் எழுதிய காபூலிவாலாவைத் தமிழ் வாசகர் நன்கறிவர். மலைநாட்டிலிருந்து வந்து கல்கத்தாத் தெருக்களிலே உலர்பழம் விற்கும் அந்தத் தந்தைக்கு மகளிடமிருந்து கடிதம் வராது. எழுதத் தெரியாத அவளுடைய கைத்தடத்தைக் கரிபூசி ஒற்றிய கடதாசி ஒன்றையே மார்பிலே வைத்துத் திரிகின்றான். வீட்டுச் செய்தியை அதனிலும் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை என்றே நான் கருதுகிறேன். ஓர் ஏழைப் பட்டாணியனுக்கும் ஒரு கல்கத்தாக் கனவானுக்கும் தந்தைமையிலே வேற்றுமை இல்லையென்பதை, மலையிலிருந்த தன் தந்தையாரை நினைத்து வாழ்ந்த ஒருவர் எழுதியதிலே வியப்பில்லை.

1902 நவம்பரிலே மிருணாளினி இறந்தார். 1903இல் நோயுற்ற மகள் இரேணுகாவை அல்மோராவுக்கு, மீண்டும் அதே இமயச் சாரலுக்கு, கொண்டுபோய்ப் பார்த்தார். அவளும் அவ்வாண்டே மறைந்தாள். 1906இல் மூத்த மகன் இரதீந்திரர் விவசாயம் கற்க அமெரிக்கா சென்றார். 1907 நவம்பரிலே கடைக்குட்டி சமீந்திரன், விடுமுறைக்குச் சென்றிருந்த முங்கேரிலே வாந்திபேதிக்குப் பலியானான். வயது பதினொன்று, அரைச்சீட்டில் இமயம் சென்ற பையனின் வயது.

இங்கே ஓர் ஆண்டுக்கணக்கைக் கவனிக்க வேண்டும். தபாற்கந்தோர் என்று பொருள்படும் டாக்கர் நாடகத்தை இரவீந்திரர் 1911இல் எழுதினார். நோய்ப்படுக்கையிலே சாளரத்தருகே கிடக்கும் சிறுவன் ஒருவன், தனக்கு அரசரிடமிருந்து கடிதம் வருமென்று காத்திருக்கின்றான். மகாநந்த முன்ஷியின் கதை இடம்பெறும் ஜீவன ஸ்மிருதி என்னும் நினைவுநூல் பிரவாசி சஞ்சிகையிலே வெளிவரத் தொடங்கியதும் அதே 1911இல்தான். ஒரே ஆண்டிலே, ஒரே மேசையிலே, போய்ச் சேராத கடிதத்தின் கதையும் வந்து சேராத கடிதத்தின் கதையும் எழுதப்பட்டன. நாடகத்தின் அரசரைக் கடவுள் என்று உரைகாரர் பலர் விளக்குகின்றனர். அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் தொலைவிலே ஒரு பெரிய மலையின்மேல் வாழ்ந்து, ஒரேயொருமுறை குழந்தைக்குப் புரியும் சொல்லிலே மறுமொழி அனுப்பிய ஒருவருடைய சாயலும் அவ்வரசரிடம் உண்டென்று எனக்குத் தோன்றுகின்றது. மாணவர் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துத் தாமே தீர்மானிக்கலாம்.

மிருணாளினியின் மறைவுக்குப் பின், தாம் எழுதிய பழைய கடிதங்கள் சிலவற்றை அவர் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்ததை இரவீந்திரர் கண்டார். அதுபற்றி அக்காலத்திலேயே ஒரு கவிதையும் எழுதினார். நதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அவை. பிள்ளைகளின் சுகம் விசாரிப்பதும், கடிதம் வரவில்லையென்று குறைகூறுவதும், செலவுக் கணக்கும், படகில் உண்ட உணவும் அவற்றிலே உண்டு. கவி 1941இல் மறைந்தபின், 1942இல் விசுவபாரதி அவற்றைக் கடிதத் தொகுதிகளின் முதலாம் பாகமாக வெளியிட்டது. மொத்தம் 36 கடிதங்கள். அவற்றுக்கு மிருணாளினி எழுதிய மறுமொழிகள் அத்தொகுதியிலே இல்லை.